பந்தி புரொபசர்

காவிரித் தண்ணீர் பாயாத வயலைக்கூடக் காட்டிவிடலாம்; பந்தி புரொபசர் கை நனைக்காத கல்யாண மண்டபத்தைத் தஞ்சாவூர் வட்டாரத்தில் காட்ட முடியாது. பத்திரிகை வைத்தார்களா என்று மட்டும் கேட்கக் கூடாது.

பல்கலைக்கழகத்தில் அவர் பொருளாதார வரலாறு நடத்தினார். பக்கத்து அறையில் நான் புள்ளியியல். என்னிடம் ஸ்கூட்டர் இருந்த ஒரே பாவத்தால் ஆராய்ச்சிக்குள் இழுக்கப்பட்டேன்.

"கல்வெட்டுல பாதி வரலாறுதான் சார் இருக்கு. மீதி இலையில இருக்கு. வண்டிய எடுங்க!"

உட்கார்ந்ததுமே கேள்வி ஆரம்பமாகும். இந்த அரிசி எந்த ஊர் வயல்? குத்தகை யாரு? பரிமாறுகிறவர் வாளியும் கையுமாக நிற்க, பின்னால் பந்தியே முறைக்கும்.

அப்படித்தான் திருவிடைமருதூரில் ஒரு கல்யாணம். நாங்கள் காலை டிபனில் இருந்தோம். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா துண்டை உதறினார். "பைக் வந்தாத்தான் தாலி. வழக்கம்தானுங்களே!" பெண்ணின் அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். நாதஸ்வரம் பாதியில் நின்றது.

எங்கள் ஆள் பாதி வடையோடு மேடைக்குப் போய்விட்டார்.

"எந்தக் காலத்து வழக்கங்க? உங்க தாத்தா காலத்துல மாப்பிள்ளை வீடுதான் பரிசம் போட்டுப் பொண்ணு எடுக்கும். வழக்கம்தான் வேணும்னா வண்டி நீங்கதான் வாங்கித் தரணும்!"

சித்தப்பா திரும்பினார். "யாருங்க இவரு? பொண்ணு வீடா?"

"இல்லீங்களே," என்றார் பெண்ணின் அப்பா. "உங்க வீட்டுப் பெரியவருன்னுல்ல நெனச்சேன்!"

நான் ஸ்கூட்டர் சாவியைத் தேட ஆரம்பித்தேன். அப்போது மணமேடையிலிருந்து மணப்பெண்ணின் குரல்: "எனக்கு ஸ்கூட்டி போதும் சார். செவப்பு கலர்ல."

முதலில் வெடித்துச் சிரித்தது மாப்பிள்ளைதான். "பைக்கெல்லாம் வேணாம் சித்தப்பா, உக்காருங்க!" மேளம் முழங்கியது. தாலி ஏறியது. எங்களுக்கு முதல் பந்தியில் நடு இடம்.

புரொபசர் ஓய்வு பெற்று இப்போது குத்தாலத்தில் இருக்கிறார். அவர் எழுதிய புத்தகங்களை நூலகத்தில் தூசிதான் படிக்கிறது. ஆனால் அவரிடம் படித்தவர்கள் வங்கியில், துபாயில், தாலுகா ஆபீஸில் என்று எங்கும் இருக்கிறார்கள். எந்தப் பந்தியிலாவது ஒருவர் வாளியை மறித்து, "இது எந்த ஊர் அரிசிங்க?" என்று கேட்டால் அந்த ஆள் எங்கள் பந்தித் துறை.

புரொபசர் பக்கத்தில் உட்கார்ந்தால் சோறு ஆறித்தான் போகும். இருந்தும் எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும், அவர் பக்கத்து இலை காலியாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.