எலிச் சமாச்சாரம்

ஆராய்ச்சி நிலையத்து ஃப்ரிட்ஜ் உயிரை விட்டபோது மெர்சிக்கும் பாதி உயிர் போய்விட்டது. விடாத மழை, மலைக்குக் கரன்ட் வர மறுநாளாகும் என்றார்கள். அவள் கவலையெல்லாம் ஒரு தெர்மோகோல் பெட்டி. அதற்குள் சுண்டுவிரல் அளவுப் புட்டி. புட்டிக்குள் சுண்டெலிப் புரதம்.

காயம் பட்ட இடத்துக்கு வெள்ளணுக்களைக் கூவி அழைக்கும் புரதம் அது. சுண்டெலியின் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து வெளிநாட்டில் செய்தது. ஆறு மாதம் காத்திருந்து வரவழைத்தாள். கொல்லிமலைக் கிழங்கு ஒன்றை ஊட்டி அவள் வளர்த்த சுண்டெலிகளுக்கு இதைச் செலுத்தி, அதனால் வரும் வீக்கம் கிழங்கால் மட்டுப்படுகிறதா என்று பார்த்துவிட்டால் டாக்டர் பட்டம். குளிர் விட்டால் புரதமும் போச்சு, பட்டமும் போச்சு.

பக்கத்து ஊரான செம்மேட்டில் ஜெனரேட்டர் ஓடியது அப்துல் அலீமின் ஐஸ்கிரீம் கடையில்தான். அன்று காலை நெல் கிடங்கிலிருந்து மாற்றலாகி வந்து சேர்ந்த உதவியாளர் ராஜாமணி, பெட்டியைச் சுமந்துகொண்டு அவள் பின்னால் வந்தார்.

"பாய், இதை உங்க ஃப்ரீசர்ல வெச்சுக்கணும்."

"வெச்சுக்கலாமுங்க. உள்ள என்னங்க?"

மெர்சிக்குப் பொய் சொல்ல வராது. "சுண்டெலிப் புரதம்."

பாயின் கை ஃப்ரீசர் மூடியிலேயே நின்றது. "எலிக் கறியுங்களா?"

"ஐயோ, இதுல எலியே கிடையாதுங்க. பாக்டீரியாவுல செஞ்சது."

"பாக்டீரியான்னா கிருமிதானுங்களே?"

ஓரமாகக் குல்ஃபி தின்றுகொண்டிருந்த இருவர் குச்சியைப் போட்டுவிட்டு மழையிலேயே இறங்கிப் போனார்கள்.

"கிருமி இல்ல பாய். இது ஒரு மாதிரி மருந்து. எலிக்குப் போடறது."

பாயின் முகம் தெளிந்தது. "அட, எலி மருந்துன்னு மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா?"

மெர்சி வாயைத் திறந்தாள். பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வாயை மூடினாள். படித்த படிப்புக்கெல்லாம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

"ஆமா பாய். எலி மருந்துதான்."

"விஷத்தைக் கொண்டாந்து திங்கற சாமானோட வெப்பீங்களாக்கும்?" என்று உள்ளேயிருந்து பாயின் மனைவி சலீமா பீவி குரல் கொடுத்தாள்.

வேறு வழியில்லை. ஃப்ரீசரில் இருந்த ஐஸ்கிரீம் மொத்தத்தையும் மெர்சியே விலைக்கு வாங்கி, மழைக்கு ஒதுங்கியவர்களுக்கெல்லாம் நடுங்க நடுங்கக் கொடுத்தாள். அப்புறமும் சலீமா பீவி விடவில்லை. "கொழந்தைங்க பொழங்கற எடம். நீங்களே காவல் உக்காருங்க."

மெர்சி ராஜாமணியைக் கூப்பிட்டாள். "கரன்ட் வர்ற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன். நீங்க போய்க் கூண்டுல இருக்கற எலிங்களைப் பாத்துக்கங்க."

"நீங்க கவலையே படாதீங்க மேடம். நான் பாத்துக்கறேனுங்க."

மறுநாள் மதியம் கரன்ட் வந்தது. பெட்டிக்குள் புட்டி கல்லுப் போல உறைந்து பத்திரமாக இருந்தது. இடுப்பு ஒடிந்துபோன நிலையிலும் மெர்சிக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. பட்டம் பிழைத்துவிட்டது. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நிலையத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

ராஜாமணி குடையோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

"இந்த மருந்துக்கா மேடம் ராத்திரியெல்லாம் குளுர்ல உக்காந்தீங்க? கிடங்கு மருந்து எங்கிட்டயே இருந்துச்சுங்க. கூண்டுல இப்ப ஒத்த எலி உசுரோட இல்லீங்க!"