வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பவர்

ஐந்நூறு ரூபாய் நோட்டா, கோழிமுட்டையா, ஆஸ்பத்திரியில் கொடுத்த எக்ஸ்ரேயா, எதைக் கையில் கொடுத்தாலும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, "இது ஏன் இப்படி இருக்குது தெரியுமா?" என்று நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பிக்கிற ஒரு ரகம் உண்டு. ஊருக்கு ஒருவராவது இருப்பார். மரக்காணத்துக்குத் தட்சணாமூர்த்தி.

உப்பளத்தில் மேஸ்திரி. முப்பது வருஷமாக உப்புக் கல்லைத் தூக்கிப் பார்த்துப் பார்த்தே அந்தக் கண் சுருங்கிப் போயிற்று. இப்போது கார்த்திகை மழை. உப்பளத்தில் வேலை இல்லை. விளக்கம் சொல்ல நாள் முழுக்க நேரம் இருக்கிறது. அவரிடம் யாராவது ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேசி முடித்ததுண்டா? பெற்ற மகளாலேயே முடியவில்லை.

மகள் சிவசங்கரி புதுச்சேரியில் ஆராய்ச்சி செய்கிறாள். பீங்கான்தான், ஆனால் கண்ணாடி போல ஊடே பார்க்கலாம்; அப்படி ஒன்றைச் செய்கிற ஆராய்ச்சி. மூன்று வருஷமாகச் சுட்டெடுத்த வில்லைகள் அத்தனையும் பால் மாதிரி வெளுத்து வந்தன. போன மாசம்தான் காரணம் பிடிபட்டது. திருத்திச் செய்ய ஆறு மாசம் வேண்டும். அப்பாவோ தையிலேயே கல்யாணம் என்று நாள் பார்த்துவிட்டார். மாப்பிள்ளைக்கு வேலை ஓசூரில். உலை இருப்பது புதுச்சேரியில். கல்யாணமாகிப் போனால் ஆராய்ச்சி போனதுதான். தேதியை உறுதி செய்ய ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வருகிறார்.

அன்று காலை அவள் வாயைத் திறந்தாள். திறந்தவள் சும்மா பேசியிருக்கலாம். வெளுத்துப்போன வில்லை ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டாள். வில்லை உடனே டியூப்லைட்டுக்கு நேரே போயிற்று.

"உலை சூடு பத்தலம்மா."

"சூடு பத்தாம இல்லப்பா. அவசரமா ஏத்திட்டோம். பொடியில இருக்கிற மணியெல்லாம் கடகடன்னு பெருத்து, நடுவுல இருக்கிற காத்தை முழுங்கிடுது. வெளிச்சம் உள்ள போனா அந்தக் காத்துப் புள்ளியில முட்டி முட்டிச் செதறிடுது, அதான் வெள்ளையா தெரியுது. பக்குவமா ஏத்தினா மணியோட ஓரமாவே காத்து வெளிய போயிடும். அதுக்கு ஆறு மாசம் ஆவும். அதனால கல்யாணத்தை..."

"இதைத்தான் நான் சொல்ல வர்றேன்" என்றார், சொல்லவே வராதவர். வில்லையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பழம் வாங்கக் கிளம்பிவிட்டார். சிவசங்கரி சமையலறையில் போய் உட்கார்ந்து அழுதாள்.

கீழ்புத்துப்பட்டிலிருந்து சம்பந்தி சகாதேவன் வந்தார். காபி வந்தது. காலண்டரை ஆணியிலிருந்து எடுப்பதற்குள் சட்டைப்பையிலிருந்து வில்லை வெளியே வந்துவிட்டது.

"இது ஏன் வெளுத்திருக்குது தெரியுமா சம்பந்தி? நம்ம பாத்தியில ஒரு உப்புக் கல்லை எடுத்துப் பாருங்க, கண்ணாடி. அதையே குவிச்சு வச்சா வெள்ளை. ஏன்? கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல காத்து. இதுலயும் அதே கதைதான். அவசரப்பட்டா காத்து உள்ளேயே மாட்டிக்கும். ஆறு மாசம் உலை பக்கத்துலயே ஆள் இருக்கணும். நடுவுல விட்டுட்டுப் போனா மூணு வருஷ உழைப்பு, மழையில நனைஞ்ச உப்புதான்."

சகாதேவன் காபியைக் கீழே வைத்தார். "யாருங்க இருக்கணும்?"

"நம்ம சிவசங்கரிதான். வேற யாருக்குக் கைவரும்?"

"அப்போ தையில எப்படிங்க கல்யாணம் வைக்கிறது?"

தட்சணாமூர்த்தி வில்லையைத் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். இந்தப் பக்கம் ஒரு காரணமும் தெரியவில்லை, அந்தப் பக்கமும் தெரியவில்லை. வாசல்படியில் மகள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு, "அதைத்தான் சம்பந்தி காலையிலேருந்து நானும் தொண்டை தண்ணி வத்தச் சொல்லிட்டிருக்கேன். ஆவணியில வச்சிக்கலாம்னு. இந்த வீட்டுல என் பேச்சை யாரு கேக்குறாங்க?" என்றார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று. சகாதேவன் காபியைக் கீழே வைத்தபோதே, "இது இப்படித்தான் முடியும்னு எனக்கு அப்பவே தெரியும்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னீர்களே, அவர் அப்போது உங்களிடம் ஏதோ சொல்ல வந்தார், நீங்கள் முடிக்க விடவில்லை. என்ன அது?