மாப்பிள்ளைக்குச் சுட்ட முட்டை

"முட்டை நல்லாத்தான் இரிக்காம், உம்மா. ஆனா அவர்ர உம்மாட கைப்பக்குவம் வராதாம்."

மகள் ஹிமாயா வந்து இப்படிச் சொன்னதும், ஸுஹைறா கேத்தலை அடுப்பில் ணங்கென்று வைத்தாள்.

புது மாப்பிள்ளை இஹ்ஸான் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தான். ஆனாலும் மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. எல்லாம் ஹிமாயாவின் வாய் வழியாகத்தான் போய்வரும்.

"என்ன குறையாம்? கேட்டுட்டு வா."

போனாள், வந்தாள். "அவங்க சுட்டா பஞ்சு மாதிரி இரிக்குமாம்."

ஸுஹைறாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டின வீட்டைச் சீதனமாகக் கொடுத்தாயிற்று. மகளையும் கொடுத்தாயிற்று. தானும் புருஷன் மீராசாஹிபும் பின்னறைக்குப் போய் ஒடுங்கியும் ஆயிற்று. அதிலெல்லாம் குறை காணாத மனிதன், வெங்காயமும் பச்சைக் கொச்சிக்காயும் இறைச்சியும் போட்டுச் சுட்ட முட்டையில் குறை காண்கிறான்.

மறுநாள் பஞ்சு போல வரட்டும் என்று பாலை ஊற்றினாள். முட்டை இறுகவே இல்லை.

"கரண்டியால குடிக்கிறதா எண்டு கேக்கிறாரு, உம்மா."

அடுத்த நாள் இறுகுவதற்குக் கோதுமை மாவைப் போட்டாள்.

"இது முட்டையா, ரொட்டியா எண்டு கேக்கிறாரு."

அதற்கடுத்த நாள் மூடிக்கு மேலே சிரட்டைத் தணலை அள்ளிக் கொட்டினாள். மேலே கரி, உள்ளே பச்சை. ஹிமாயா இந்த முறை தயங்கித் தயங்கி வந்தாள்.

"நாளையிலரிந்து அவர்ர உம்மாட வீட்டில சாப்பிட்டுட்டு வேலைக்குப் போறாராம். உங்களுக்கு ஏன் கரைச்சல் எண்டு சொல்றாரு."

"போகட்டுமே. முட்டை மிச்சம்," என்றார் மீராசாஹிபு.

"வாயை மூடுங்க. மாப்புள்ளைக்குக் காலைச் சாப்பாடு குடுக்க வக்கில்லாத வீடு எண்டு சாய்ந்தமருது ஊர் முழுக்கக் கதைக்கும். நான் எந்த முகத்தோட கலியாண வீட்டுக்குப் போற? அந்த ஆசியா உம்மாக்கு முன்னால எப்படி நிக்கிற?"

ஆசியா உம்மா என்பது இஹ்ஸானின் தாய்; அவளுடைய வீட்டிலும் ஒரு மருமகன் உண்டு. மீராசாஹிபு சேர்ட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் விடியலில் முட்டையை அடித்து, கடையில் வாங்கிய அலுமினியத் தட்டில் ஊற்றி மூடி, முபாறக்கின் பேக்கரிக்குக் கொண்டுபோனாள் ஸுஹைறா. பாண் இறக்கிய பிறகும் போறணை அடுப்பில் நல்ல சூடு இருக்கும். அக்கம்பக்கத்துப் பெண்கள் தட்டுகளைக் கொண்டுவந்து வைப்பது வழக்கம்தான். சுபஹு தொழுதுவிட்டு ஓடிப்போய் எடுத்து வந்தாள்.

மூடியைத் திறந்தால், முட்டை பொங்கிப் பூரித்துப் பொன்னிறமாக இருந்தது. ஸுஹைறாவுக்குத் தன் கையைத் தானே முத்தமிடலாம் போல இருந்தது.

உம்மா வீட்டுக்குக் கிளம்பிய இஹ்ஸானை நிறுத்தி உட்காரவைத்து, ஹிமாயா கொண்டுபோய் வைத்தாள். ஸுஹைறா திரைச்சீலைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கரண்டிச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. ஹிமாயா வந்தாள்.

"உப்புக் குறைவாம். இறைச்சியும் வேகல்லயாம். எப்படிச் செஞ்சாலும் அவர்ர உம்மாட..."

அவ்வளவுதான். ஸுஹைறா முக்காட்டை இழுத்துவிட்டுத் திரைச்சீலையை விலக்கி நேரே உள்ளே போனாள். இஹ்ஸான் பதறி எழும்பினான்.

"மனே, நானும் பாத்துப் பாத்துத்தான் இரிக்கன். இதை விட நல்லா முட்டை சுட எந்தப் பொம்புளையால ஏலும்? சொல்லுங்க பாப்பம்."

"நான் குறையாச் சொல்லல்ல, மாமி," என்றான் இஹ்ஸான், தரையைப் பார்த்தபடி. "சின்ன வயசிலரிந்து திண்ட ருசி. கண்ணைக் கட்டிட்டுத் தந்தாலும் எங்கட உம்மாட முட்டை எது, மத்தது எது எண்டு சொல்லிப்போடுவன். இது எங்கட உம்மாட கிட்டயும் வராது."

ஸுஹைறாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது கேற்றைத் தள்ளிக்கொண்டு முபாறக் வந்தான். கையில் மூடின அலுமினியத் தட்டு ஒன்று.

"கோவிச்சுக்காதீங்க ராத்தா, பாண் அவசரத்தில மாத்தித் தந்திட்டன்," என்றான். "உங்கட முட்டை இதுதான். அது ஆசியா உம்மா அவட மருமகனுக்குச் சுட வெச்சது."