மேடைக்குப் பன்னிரண்டு பேர்

"எத்தனை பேர் வர்றாங்க?" என்று கேட்டார் தலைமை அதிகாரி ஹட்சின்ஸ்.

"மூணு பேர் சார். ஆனா மூணும் சூப்பரா ஆடுதுங்க," என்றார் ஆபீசர் லமான்ட் ஸ்டப்ஸ்.

மில்பர்ன் காவல் நிலையத்தின் அடித்தளக் கூடத்தில் ஸ்டப்ஸ் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்காக நடத்தும் இலவச நடன வகுப்பைப் பற்றித்தான் இந்த விசாரணை.

"மாசக் கடைசியில மேயரம்மா வர்றாங்க. மேடையில பன்னெண்டு பேர் ஆடணும். இல்லேன்னா கூடத்தைக் காலி பண்ணி, பறிமுதல் பண்ணின சைக்கிளையெல்லாம் அங்க அடுக்கிடுவேன்."

இருபது வருடமாக ஸ்டப்ஸின் தலையைக் கண்டாலே பிள்ளைகள் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். அவரைத் தேடி வந்தவர்கள் இந்த மூன்று பேர்தான். அவர்களை விட அவருக்கு மனசில்லை.

முதலில் பீட்சா வாங்கி வைத்தார். முப்பது பேர் வந்தார்கள், தின்றார்கள், போனார்கள். எலிகள் மட்டும் தங்கிவிட்டன.

அடுத்து, வகுப்புக்கு ஒரு கௌரவம் வரட்டும் என்று மூவருக்கும் சிவப்பு டீ-ஷர்ட் கொடுத்து, பெயர்களை முறையாகப் பதிந்தார். நிலையத்தில் மாணவர் சேர்க்கைப் படிவம் ஏது? தெருவில் நிறுத்தி விசாரிப்பவர்களுக்கான அட்டைதான் இருந்தது. ஸ்டப்ஸ் நேர்மையான மனிதர். ஒரே நிற உடையா? ஆம். அடிக்கடி ஒரே இடத்தில் கூடுகிறார்களா? செவ்வாய், வியாழன். கைச்சைகை உண்டா? நடனமாயிற்றே, நிறைய. தலைவர் யார்? கொஞ்சம் யோசித்து, 'டியாரா, வயது பதினான்கு' என்று எழுதினார்.

அட்டைகள் ஏறிய மறுநாளே காவல்துறைக் கம்ப்யூட்டர் மில்பர்னில் ஒரு புதிய ரவுடிக் கும்பலைக் கண்டுபிடித்துவிட்டது.

டியாராவின் அம்மா போனில் பிடித்துக்கொண்டாள். "எம் பொண்ணு கும்பல் தலைவியாமே! ஸ்கூல்ல கூப்பிட்டுச் சொல்றாங்க. பல்லுக்கு இன்னும் கம்பி போட்டிருக்கா, அவளா தலைவி? இனிமே அந்தப் பக்கமே அனுப்ப மாட்டேன்!"

மூன்று பேரும் நின்றுவிட்டார்கள். ஸ்டப்ஸ் பதறிப்போய், பெயர்களை நீக்கச் சொல்லி மூன்று முறை எழுதிப் போட்டார். கம்ப்யூட்டர் அதையும் வாங்கிக்கொண்டு, 'கும்பலுக்குக் காவல்துறைக்குள் ஆள் இருக்கிறது' என்று சேர்த்துக்கொண்டது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமைதான் அதிசயம் நடந்தது. புதிதாக நான்கு பேர் வந்தார்கள். வியாழனன்று இன்னும் எட்டு. அத்தனை பேரும் சரியாக ஆறு மணிக்கு வந்து, கோடு போட்டதுபோல் வரிசையில் நின்றார்கள்.

"எந்த ஸ்கூல்ப்பா?"

"பக்கத்துலதான் சார்," என்றான் ஒருவன், முழங்காலைத் தடவிக்கொண்டே.

இடைவேளை விட்டால் பாத்ரூம் வாசலில் வரிசை. உள்ளே போகிறவன் எல்லாம் குட்டி நோட்டில் ஏதோ எழுதிவிட்டு வந்தான்.

'ஸ்டெப் மறந்துடக் கூடாதுன்னு எழுதி வெச்சுக்கறானுங்க! என்ன ஆர்வம்!' என்று ஸ்டப்ஸ் பூரித்துப் போனார்.

விழா நாளில் பன்னிரண்டு பேரும் பின்னி எடுத்தார்கள். ஒருவனை ஒருவன் கண்ணெடுக்காமல் பார்த்தபடி ஆடியதால் ஒரு கால் கூடப் பிசகவில்லை. மேயரம்மா எழுந்து நின்று கைதட்டினார். "இந்தப் பிள்ளைங்கதான் நம்ம ஊரோட எதிர்காலம்!"

"கூடம் உனக்குத்தான்யா. சைக்கிளை வேற எங்கயாவது வெச்சுக்கறேன்," என்று ஹட்சின்ஸ் ஸ்டப்ஸின் கையைக் குலுக்கினார். ஸ்டப்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது பின்கதவு திறந்தது. சிவப்பு டீ-ஷர்ட்டில் டியாராவும் அவளது இரண்டு தோழிகளும் எட்டிப் பார்த்தார்கள்.

"ஆபீசர்," என்றாள் டியாரா, பல்லில் கம்பி மின்ன. "எங்களைப் பிடிக்க மாறுவேஷத்துல வந்த போலீஸ்காரங்க பன்னெண்டு பேரும் ஆடி முடிச்சாச்சுல்ல, இனிமே நாங்க ஆடலாமா?"