நோபேட் வீட்டுக் குருவி

"நோபேட் அண்ணன்ட குருவி இண்டைக்குப் பஞ்சு கொண்டு வந்திருக்கு," என்றாள் யோசெப்பின், மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தபடி.

நிக்கலஸ் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "குருவி நோபேட்டின்டயோ? பேர் எழுதி விட்டிருக்கிறாரோ?"

"அவர் முட்டி கட்டினவர். அது வந்து இருக்குது."

கொழும்பு கொட்டாஞ்சேனையின் அந்த ஒழுங்கையில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. நிக்கலஸுக்குத் துறைமுக ஒஃபிசில் கிளாக் வேலை. பக்கத்து வீட்டு நோபேட் தையல் கடைக்காரர். அவர் தன் பின்பக்கத் தாழ்வாரத்தில் குருவி கூடு கட்டவென்று ஒரு மண்முட்டியைக் கட்டித் தொங்கவிட்ட நாளிலிருந்து யோசெப்பின் பின்னேரங்களில் மதிலடியிலேயே நின்றாள். ஆண் குருவி வைக்கோல் கொண்டுவரும். பெண் குருவி உள்ளே போய்ப் பார்த்து, பிடிக்காததை வெளியே இழுத்துப் போடும். ஆண் குருவி ஒரு சொல்லும் சொல்லாமல் வேறு துரும்பு தேடிப் பறக்கும்.

"எவ்வளவு பொறுமை, பாருங்கோ," என்பாள். குருவியைச் சொல்கிறாளா நோபேட்டைச் சொல்கிறாளா என்று நிக்கலஸுக்கு விளங்குவதில்லை. விளங்காதது நெஞ்சுக்குள் கிடந்து எரிந்தது.

அடுத்த நாள் வேலை விட்டு வரும்போது அவர் கையில் இரண்டு முட்டிகள் இருந்தன. நோபேட்டினதைவிடப் பெரியவை. மதிலுக்கு அந்தப் பக்கம் நன்றாகத் தெரியும்படி முற்றத்து நடுவில் கம்பு நட்டுக் கட்டினார். குருவி வரவில்லை. எறும்பு வந்தது.

"உச்சி வெயிலில கட்டியிருக்கிறியள்," என்றாள் யோசெப்பின். "முட்டை அவிக்கவோ?"

நிக்கலஸ் பின்வாங்கவில்லை. பெட்டிப் பலகை கொண்டுவந்து வெட்டி, இரண்டு தட்டில் ஒரு வீடு செய்தார். நீலப் பெயின்ற் அடித்தார். முஷ்டி நுழையுமளவுக்கு வாசல் வைத்தார். நோபேட்டின் முட்டி தாழ்வாரத்தில்தானே தொங்குகிறது என்று, தன் பெட்டியைக் கூரை முகட்டிலேயே அறைந்தார்.

"வாசல் பெரிசாக் கிடக்கு," என்றாள் யோசெப்பின்.

"வசதியா வந்து போகட்டுமே."

வசதியாக வந்தது ஒரு மைனாச் சோடி. பெட்டியைப் பிடித்துக்கொண்டதோடு அவை நிற்கவில்லை. நோபேட் வீட்டு முட்டிக்குள் தலையை விட்டு, குருவிகள் சேர்த்து வைத்த பஞ்சையும் நூலையும் இழுத்துக்கொண்டுபோய்த் தங்கள் பெட்டிக்குள் போட்டன. குருவிகள் இரண்டும் கத்திக் கத்திப் பார்த்துவிட்டு எங்கேயோ போய்விட்டன.

யோசெப்பின் அழுதாள். "முட்டையிடுற நேரம் வந்தது. மைனாவைக் கூப்பிட்டு வீடு குடுத்தது நீங்கள்தானே!"

அன்று கறியில் உப்பும் இல்லை, வீட்டில் பேச்சும் இல்லை.

மைனாவை விரட்டுவதென்று முடிவெடுத்த நிக்கலஸ், நோபேட்டின் மனைவி செலீனிடம் மறுபடியும் ஏணி இரவல் வாங்கிக் கூரையில் ஏறினார். வாசலைச் சிறிதாக்கத் தகரத் துண்டும் ஒரு சுருள் கம்பியும் கொண்டுபோனார். பெட்டி அறைந்த அன்று அவர் கவனிக்கவில்லை, அங்கிருந்து துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் எல்லாம் கண்ணுக்கு நேரே நின்றன. குண்டு வெடிப்புகளால் கொழும்பே நடுங்கிக்கொண்டிருந்த காலம். துறைமுகம் பார்த்த கூரையில், கையில் கம்பியோடு ஒரு தமிழர். சந்திச் சென்றியில் காவல் நின்ற இரண்டு பொலிஸ்காரர் ஓடிவந்தார்கள்.

"ஏய், பஹின்ன! மொகத கரன்னே?" இறங்கு, என்ன செய்கிறாய் என்று சிங்களத்தில் கத்தினார் அவர்களில் சார்ஜன்றாக இருந்தவர்.

நாள் முழுக்க ஒஃபிசில் சிங்களத்தில் கதைக்கிற நிக்கலஸுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. வாயில் வந்தது தமிழ்தான்.

"கூடு, சேர்! கூடு!"

சார்ஜன்ற் கண்களை அகல விரித்தார். சிங்களத்தில் 'குடு' என்றால் ஹெரோயின் தூள்.

"குடு? கொஹெத குடு?"

எங்கே என்று கேட்டதும் நிக்கலஸுக்கு உயிர் வந்தது. விளங்கிவிட்டதென்ற சந்தோசத்தில் தன் பெட்டியைக் காட்டினார். சிங்களமும் திரும்பி வந்தது. தானே ஆசையாகச் செய்ததென்றும், தன் மனைவிக்கு இதில் அளவுகடந்த விருப்பம் என்றும், பக்கத்து வீட்டிலும் ஒன்று இருக்கிறதென்றும் விபரமாகச் சொன்னார்.

கொன்ஸ்தாபிள் ஏணியில் ஏறிப் பெட்டிக்குள் கையை விட்டார். மைனா கொத்தியது. அவர் போட்ட சத்தத்தில் ஒழுங்கை முழுக்க வெளியே வந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு நோபேட்டும் ஓடிவந்தார்.

"குருல்லோ, சேர், குருல்லோ!" என்றார் நோபேட். குருவிக் கூடு என்பதை அழகான சிங்களத்தில் விளக்கி, அவர்களைக் கூட்டிப்போய்த் தன் முட்டியையும் காட்டினார். சார்ஜன்ற் முதலில் நம்பவில்லை. பிறகு சிரித்தார். இருவரும் நிக்கலஸின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, யோசெப்பின் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

"நோபேட் அண்ணன் இல்லாட்டி உங்களை எந்தப் பொலிசில போய்த் தேடியிருப்பன்?" என்றாள் யோசெப்பின்.

பொலிஸ் பிடித்திருந்தாலும் நிக்கலஸுக்கு இவ்வளவு வலித்திராது.

மைனாக்கள் பயந்து போய்விட்டிருந்தன. அவர் பெட்டியைக் கழற்றிப் பெயின்றைச் சுரண்டினார். குருவி மட்டும் நுழையுமளவுக்கு வாசலை ஒடுக்கினார். முகட்டை விட்டு, தன் வீட்டுத் தாழ்வாரத்தின் நிழலில் அறைந்துவிட்டு, முற்றத்தில் கொஞ்சம் வைக்கோலும் பஞ்சும் போட்டுவைத்தார்.

குருவிகள் வந்தன. நோபேட்டின் முட்டிக்குப் போகவில்லை. நிக்கலஸின் பெட்டிக்குத்தான் வந்தன. யோசெப்பின் கதிரையை மதிலடியிலிருந்து இழுத்துவந்து கணவனுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். உள்ளே குஞ்சுகள் கீச்சிட்ட அன்று அவள் நிக்கலஸின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நிக்கலஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒரு தட்டுக் கேக்கோடு பக்கத்து வீட்டுக்குப் போனார்.

"குருவி இஞ்சால வந்திட்டுதெண்டு கவலைப்படாதேங்கோ, நோபேட். உங்களுக்கும் ஒரு நாள் வரும். எல்லாற்ற கைக்கும் அந்த ராசி இராது, என்ன?"

நோபேட் இருமினார். தட்டை வாங்கிய செலீனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எங்களுக்கென்ன கவலை, நிக்கலஸ் அண்ணன்? அந்த முட்டியை வாங்கிக்கொண்டு வந்து எங்கட வீட்டில கட்டச் சொன்னதே உங்கட யோசெப்பின்தானே! 'கேட்டா என்ர மனுசன் ஒரு ஆணியும் அடிக்காது, நோபேட் அண்ணன் வீட்டில கண்டா மாளிகையே கட்டும்' எண்டு சொன்னவ. இப்ப உங்கட குசினிக் கூரை ஒழுகுதாம், வாற கிழமை எங்கட கூரையை முதல்ல மாத்தச் சொல்லுறா!"