மாடு நிற்கும் தரை

2010 ஆகஸ்ட் 25, புதன்கிழமை. சிதம்பரம் மாரியப்பா நகரில், கட்டி முடியும் தறுவாயில் இருந்த ஒரு வீட்டுக்குள் ஓடிவந்த பூனை, நிற்க முடியாமல் வழுக்கிக்கொண்டே போய் எதிர்ச்சுவரில் மோதியது.

வீட்டுக்காரர் சபாநாயகம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாலில் ஒரு பாதிக்குப் போர்சலைன், மறுபாதிக்கு செராமிக் என்று டைல்ஸை மாதிரிக்காக மணல்மேல் பரப்பி வைத்திருந்தார் கொத்தனார் சின்னையன். பூனை வந்தது போர்சலைன் பக்கம்.

"பூனைக்கே இந்தக் கதின்னா, மாடு என்னங்க ஆவும்?" என்றார் சின்னையன், சும்மா ஒரு பேச்சுக்கு.

சபாநாயகத்துக்கு அது சும்மா பேச்சாகப் படவில்லை.

ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம். வழக்கப்படி பசுவும் கன்றும்தான் முதலில் உள்ளே நுழையும். அதே நாளில், மகள் அரசியைத் தன் பையனுக்குப் பெண் கேட்டிருக்கும் கடலூர் சிவகுரு குடும்பத்தோடு வந்து கை நனைக்கப் போகிறார். பெண் வீட்டில் சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. அதற்கு முன்பு பல்லி சொன்னால்கூட எழுந்து போய்விடலாம். நாய்படாத பாடுபட்டுத் தேடிய வரன் இது. அரசிக்கும் பையனைப் பிடித்துவிட்டது. போன் வந்தால் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறாள்.

சிவகுருவோ பிடிகொடுக்காத மனிதர். மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க இவர்கள் இரண்டு முறை கடலூர் போனார்கள். இரண்டு முறையும் அவரே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, எதிர் ஓட்டலில் பூரியும் காப்பியும் வாங்கிக் கொடுத்து, "வீட்ல கொஞ்சம் வேலை நடக்குது. அப்புறம் பாத்துக்கலாம்" என்று சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றி விட்டுவிட்டார். தட்டிக்கழிக்கச் சாக்குத் தேடுகிறார் என்பதில் சபாநாயகத்துக்குச் சந்தேகமே இல்லை. புதுவீட்டில் பசு வழுக்கி விழுவதைவிட நல்ல சாக்கு அவருக்கு எங்கே கிடைக்கும்?

"மாட்டை வாசலோட நிறுத்திப் பூசை பண்ணிட்டா?" என்றாள் மனைவி லலிதாம்பிகை.

"ஏன் உள்ள விடலன்னு கேப்பாரு. வீட்ல என்னமோ தோஷம்னு எந்திரிச்சுப் போயிடுவாரு."

"அப்ப செராமிக்கே போடுங்க. அதாவது கொஞ்சம் சொரசொரன்னு இருக்கு. ஊர்ல எல்லாரும் பளபளன்னு போடறாங்க. நமக்கு அந்தக் கொடுப்பின இல்லன்னு நெனச்சுக்கறேன்."

மறுநாள் சபாநாயகம் கடலூரில் ஒரு டைல்ஸ் கடையில் நின்றார்.

"கெட்டின்னா போர்சலைன்தான் சார். தண்ணி இழுக்காது, லேசுல உடையாது. செராமிக் கொஞ்சம் எளசு. குழவிக்கல்லு விழுந்தா தெறிச்சுடும்."

"மாடு நடந்தா?"

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "எத்தினி மாடு சார்?"

"ஒண்ணு. கூட ஒரு கன்னுக்குட்டி."

"டெய்லியா?"

"ஒரே ஒரு தடவ."

"அதுக்கப்புறம் அந்த வீட்ல மனுசங்க இருப்பாங்களா?"

"நாங்கதான் இருப்போம்."

"அப்ப உங்களுக்குப் பாத்து வாங்குங்க சார். மாடு ஒண்ணும் சொல்லாது."

சபாநாயகம் அந்தப் புத்திமதியைக் கடையிலேயே விட்டுவிட்டு, புதிதாக ஒரு பயத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். பசு வழுக்கினால் அபசகுனம் என்றால், மகாலட்சுமியின் குளம்புக்கடியில் தரையே பிளந்தால் அதற்கு என்ன பெயர்?

நடக்கவிட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். கிரகப்பிரவேசங்களுக்கு மாடு கொண்டுவரும் கோவிந்தசாமி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை.

"மாடு விசேசத்துக்குத்தான் வரும். ஒத்திகைக்கெல்லாம் வராதுங்க."

ஒரு மூட்டை புண்ணாக்குக்கு வந்தது. செராமிக் பக்கம் முன்னங்காலை வைத்தது. 'டக்'கென்று ஒரு சத்தம். டைல்ஸ் குறுக்கே இரண்டாகப் போயிருந்தது.

"மணல் மேல வச்சா எந்தக் கல்லும் உடையும். சிமெண்ட்ல ஒட்டிட்டா ஒண்ணும் ஆவாதுங்க" என்றார் சின்னையன்.

சபாநாயகத்தின் காதில் அந்த 'டக்' மட்டும்தான் இருந்தது. ஹால் முழுக்கப் போர்சலைன் போடச் சொல்லிவிட்டார். லலிதாம்பிகை அன்றைக்குக் கேசரி கிண்டினாள்.

ஒட்டி முடித்துத் துடைத்ததும் தரையில் மின்விசிறி தலைகீழாகச் சுற்றியது. அதைப் பார்த்த அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் பசு நான்கு காலையும் நான்கு திசைக்குப் பரப்பிக்கொண்டு படுத்திருக்கிறது. சிவகுரு துண்டை உதறித் தோளில் போடுகிறார்.

கோணிச் சாக்கு விரித்துப் பார்த்தார். ஏறி நின்றதும், சாக்கு அவரையும் அழைத்துக்கொண்டு வாசற்படிவரை போயிற்று. முழங்கை வீங்கியது.

கட்டுப் போட்ட கையோடு யோசித்தார். மாடு எங்கே விழாமல் நிற்கிறது? கொட்டகையில்.

கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் மத்தியானம், செம்மண்ணும் சாணியும் கரைத்துப் போர்சலைன்மேல் கெட்டியாக மெழுகச் சொன்னார்.

"இதுக்குப் பேசாம தரையே போடாம விட்டிருக்கலாமே. போர்சலைன் மேல சாணி மெழுகின மொத ஆளு நீங்கதான்" என்றாள் லலிதாம்பிகை.

"சாணி மங்கலம்தானே?"

"எது மங்கலம்? நாத்தம் தெருமுனைல இருக்கு."

போதாக்குறைக்குச் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மெழுகியது காயவில்லை. ஈரச்சாணி, வெறும் போர்சலைனைவிட மோசம். மாட்டைவிட லேசான அரசியே அதில் ஒரு முறை சறுக்கிச் சுவரைப் பிடித்தாள். உள்ளூர் உறவுக்காரர்கள் வீட்டு மேசை விசிறிகளெல்லாம் வந்து ஹாலைச் சுற்றி நின்றன. விடியும்போது ஒருவழியாகக் காய்ந்திருந்தது.

கடலூர்க்காரர்கள் காரிலிருந்து இறங்கினார்கள். சிவகுரு நிலைப்படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"டைல்ஸ் போடலியா?"

"போட்டிருக்குங்க. கீழ இருக்கு."

"எதுக்குக் கீழ?"

"சாணிக்குக் கீழ."

சிவகுரு படியிறங்கிப் போய், வாசலில் நின்ற மாட்டின் குளம்பைக் குனிந்து பார்த்தார். அது இன்னும் பயமாக இருந்தது.

ஐயர் மந்திரம் சொல்ல, கோவிந்தசாமி மாட்டைப் பிடித்துக்கொண்டு படியேறினார். சபாநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். குளம்புகள் மொத்து மொத்தென்று உள்ளே போயின. நடுஹாலில் நின்றன. அவருடைய மூச்சும் நின்றது. சளசளவென்று ஒரு சத்தம் கேட்டது.

"கோமியம் விட்டுடுத்து. இதைவிட என்ன வேணும்?" என்றார் ஐயர்.

கண்ணைத் திறந்தார். பசு நிதானமாகத் திரும்பி, வந்த வழியே, கன்றோடு வெளியே போய்க்கொண்டிருந்தது.

ஆனால் சிவகுருவின் முகம் வியர்த்திருந்தது. மாடு போன பிறகும் அவர் தரையையே பார்த்தார். கால் கட்டைவிரலால் மெல்லச் சுரண்டினார். காய்ந்த சாணி பெயர்ந்து, போர்சலைன் ஓரிடத்தில் கண் சிமிட்டியது. போச்சு என்று நினைத்தார் சபாநாயகம். எழுந்து போகப் போகிறார்.

சிவகுரு நேராகப் பந்திக்குப் போய் உட்கார்ந்தார். சாம்பார் இரண்டு முறை கேட்டு வாங்கினார். பாயசத்தை வழித்துக் குடித்துவிட்டுக் கை நனைத்தார். கல்யாணம் தை மாதம் என்று அங்கேயே முடிவாயிற்று.

குழாயடியில் கை கழுவவந்த சிவகுருவின் மனைவி கனகாம்பாள், சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றிய லலிதாம்பிகையிடம் குரலைத் தாழ்த்தினாள்.

"கை நனைச்சாச்சு, இனிமே சொல்றதுக்கென்ன? சித்திரைல எங்க புதுவீட்டுக் கிரகப்பிரவேசத்துல மாடு நடுஹால்ல வழுக்கி விழுந்துடுச்சு. அது தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னுதான், இவரு உங்களை வீட்டுப் பக்கமே விடாம பஸ் ஸ்டாண்டோட அனுப்பிக்கிட்டு இருந்தாரு."