எவாரிஸ்தோவின் நாக்கு சொன்ன தீர்ப்பு

"இந்தக் கடையில் இனி அரிசி மாவு கிடையாது. மக்காச்சோளம் மட்டும்தான்!"

இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அறிவித்தான் எவாரிஸ்தோ. அரிசி புப்பூசாவுக்கே பேர்போன ஊர் ஒலோகுயில்தா. அங்கே போய் அது வேண்டாம் என்பது, ஆற்றில் போய்த் தண்ணீர் வேண்டாம் என்பது மாதிரி. அவன் பிறந்த ஊர் சகாத்தே. அங்கே சோளம்தான்.

"கிழவா, சோளம் சோளம்னே உன் சோலி முடியப்போவுது," என்றாள் அவன் மனைவி மிலாக்ரோ. கல்லில் அரிசி புப்பூசா உப்பிக்கொண்டிருந்தது. தடித்த ரொட்டி, உள்ளே பீன்ஸும் சீஸும்.

"கிழவி, கண்ணைக் கட்டிவிடு. எது சோளம்னு நாக்கு சொல்லும்."

"தப்பாச் சொன்னா?"

"ஞாயித்துக்கிழமையெல்லாம் நானே கல்லு முன்னாடி நிக்கிறேன். ஃபுட்பால் கிடையாது!"

சாப்பிட வந்த சகாத்தே பஸ் டிரைவர் செலெஸ்தினோவுக்குப் புரையேறியது.

மிலாக்ரோ ஒரு துணியால் அவன் கண்ணை இறுக்கிக் கட்டினாள். முதல் வாய் ஊட்டினாள்.

எவாரிஸ்தோ யோசித்தான். தன் அரிசியைத்தானே முதலில் நீட்டுவாள்?

"த்தூ! அரிசி. சாக்பீஸைத் தின்ன மாதிரி இருக்கு. இதைத் தட்டின கையிலயே ஒண்ணு போடணும்!"

"சரி. இந்தா, அடுத்தது."

கடிக்கும்போதே, சுண்ணாம்பு போட்டு அவித்த சோளத்தின் வாசம் மூக்கில் ஏறியது. எவாரிஸ்தோவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "இதுதான் சோளம்! எங்கம்மா கைப்பக்குவம்!"

கடை முழுக்கச் சிரித்தது. பதறிப்போய்த் துணியை நெற்றிக்கு ஏற்றினான். மூக்குக்குக் கீழே, ஆவி பறக்கச் சோளம் வெந்த பானை! தட்டில் பாதி கடித்த புப்பூசா. வெள்ளை வெளேரென்று, சாட்சாத் அரிசி.

"அப்போ... முதல்ல தின்னது?"

"சோளம்தான்," என்றார் செலெஸ்தினோ. "உங்கம்மா காலையில தட்டி, எம்மருமககிட்ட குடுங்கன்னு பஸ்ல குடுத்துவிட்டாங்க."

எவாரிஸ்தோ தன் வாயில் தானே போட்டுக்கொண்டான். சாக்பீஸ்! பெற்றவள் கையில் ஒண்ணு போடணும் என்றல்லவா சொல்லிவிட்டான்!

"சாயங்காலம் பஸ் திரும்பிப் போவுமில்ல?" என்றாள் மிலாக்ரோ. "அத்தைக்கு ஏதாச்சும் சொல்லி அனுப்பணுமா கிழவா?"

"வேண்டாம்டி, கும்பிடறேன்!"

"அப்போ தலையில இருக்கறதை இடுப்புல கட்டு."

அவிழ்த்துப் பார்த்தான். பூப்போட்ட புது ஏப்ரன். அவன் தொந்தி அளவுக்கே தைத்திருந்தாள்.